காதுள்ளவர்கள் காலம்

அந்தக் காலத்தில் மோட்டார் சைக்கிளைக் காதாலேயே பழுது பார்த்தோம் என்று சுங்கை ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்கள் சொல்வார்கள். கல்யாண வீடு, கருமாதி வீடு, கோயில் திருவிழாவில் அன்னதான வரிசை என்று அறுபது வயதைத் தாண்டிய நாலு பேர் எங்கே சேர்ந்தாலும் இந்தப் பேச்சு வந்துவிடும். "இப்ப உள்ள பசங்களுக்கு எல்லாத்துக்கும் கம்ப்யூட்டர் வேணும். நாங்கள்லாம் சத்தத்த வச்சே சொல்லிடுவோம்லா."

நம்பாதீர்கள். நானும் அங்கேதான் இருந்தேன். சத்தத்தை வைத்துச் சொன்னார்கள் என்பது வரைக்கும் உண்மை. சொன்னது சரியா என்று பிறகு யாரும் திறந்து பார்த்ததில்லை.

எங்கள் தோட்டம் பெர்ணம் ஆற்றுக்கு இந்தப் பக்கம். ஆற்றைத் தாண்டினால் பேராக். மேற்கே கொஞ்ச தூரத்தில் கடல், கடலோரம் தென்னை, மிச்ச இடமெல்லாம் செம்பனை. மளிகைக்கு சுங்கை ஆயர் தாவார், ஆஸ்பத்திரிக்கு சபாக் பெர்ணம், தீபாவளிக்குத் துணி எடுக்க சுங்கை பெசார். கோல சிலாங்கூர் என்றால் அது வெளியூர்ப் பயணம். செகிஞ்சான் வயல்களையும் தஞ்சோங் காராங்கையும் தாண்டிப் போக வேண்டும், சோறு கட்டிக்கொண்டு போவோம். இந்தத் தூரத்தையெல்லாம் சுருக்கிக் கொடுத்தது ஹோண்டா கப்சாய்.

1958-இல் ஜப்பானில் ஹோண்டா நிறுவனம் சூப்பர் கப்பை, நாங்கள் கப்சாய் என்று சொல்லும் வண்டியை, வெளியிட்டது. அதை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தவர் பினாங்கின் லோ பூன் சியூ. சிறு வயதில் சீனாவிலிருந்து வந்து, பஸ் கழுவி, மெக்கானிக் வேலை கற்று மேலே வந்த மனிதர். பிற்காலத்தில் அவரை ‘மிஸ்டர் ஹோண்டா’ என்றே அழைத்தார்கள். பள்ளிக்கூடத்து வாசனை அறியாத அவர் விற்ற வண்டிதான் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளைப் பட்டணத்து இடைநிலைப் பள்ளியில் கொண்டுபோய் இறக்கிவிட்டது. 2017-இல் சூப்பர் கப் வரிசை வண்டிகளின் உலக உற்பத்தி பத்துக் கோடியைத் தொட்டது. அந்தப் பத்துக் கோடியில் ஒன்று எங்கள் லயத்தின் படிக்கட்டு ஓரத்தில் நின்றது.

அப்பாவின் வண்டி சி70. 72 சிசி, மூன்று கியர், கிளட்ச் பிடி கிடையாது. 6 வோல்ட் விளக்கு. அது எரிகிறதா என்று பார்க்க இன்னொரு விளக்கு வேண்டும். பட்டணத்துத் தவுக்கேயிடம், அதாவது சீனக் கடை முதலாளியிடம், மாதத் தவணையில் எடுத்தது. அதில் அப்பா, அம்மா, நான், நடுவில் தங்கை, முன்னால் கூடையில் காய்கறி, பின்னால் அரை மூட்டை தேங்காய். 1973-இலேயே ஹெல்மெட் கட்டாயமாகிவிட்ட நாடு இது. ஆனால் எங்கள் தோட்டத்தில் ஹெல்மெட் ஹேண்டிலில்தான் தொங்கும். செம்மண் சாலை முடிந்து மெயின் ரோட்டில் ஏறுகிற இடத்தில் அது தலைக்குப் போகும். திரும்பி இறங்கும்போது மறுபடி ஹேண்டிலுக்கு வந்துவிடும்.

இப்படிப் பாரம் சுமக்கிற எஞ்சினில் டேப்பெட் இடைவெளி மாறுவது சகஜம். விஷயம் சின்னதுதான். காற்றும் பெட்ரோலும் உள்ளே போக ஒரு வால்வு, எரிந்த புகை வெளியேற ஒரு வால்வு. கேம் சுற்றும்போது ராக்கர் என்கிற குட்டி நெம்புகோல் வால்வின் தலையில் அழுத்தித் திறக்கும். ஸ்பிரிங் அதை இழுத்து மூடும். ராக்கரின் நுனிக்கும் வால்வின் தலைக்கும் நடுவே ஒரு மயிரிழை இடம் விட்டு வைத்திருப்பார்கள். இரும்பு சூட்டில் நீளும். நீளுவதற்கு இடம் இல்லையென்றால் வால்வு முழுக்க மூடாது. மூடாத வால்வு வழியே கம்ப்ரஷன் கசியும், எஞ்சின் காலையில் உதைக்க உதைக்க அடம்பிடிக்கும், கடைசியில் வால்வின் விளிம்பே கருகிப்போகும். இடம் அதிகமானால் ‘டக்டக்’ என்று அடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். சி70-க்கு அந்த இடைவெளி, எஞ்சின் ஆறியிருக்கும்போது, இரண்டு வால்வுக்கும் 0.05 மில்லிமீட்டர்.

இதை நான் இப்போது இவ்வளவு தெளிவாகச் சொல்கிறேன். அன்றைக்கு எங்கள் லயத்தில் இதைச் சொல்லியிருந்தால் அடி விழுந்திருக்கும். ஏனென்றால் எங்கள் ஊர் சாஸ்திரம் இதற்கு நேர் எதிர். சத்தம் வந்தால் எஞ்சின் கெட்டது, சத்தம் இல்லையென்றால் எஞ்சின் நல்லது. ஆகவே டேப்பெட் பார்ப்பது என்றால் சத்தம் அடங்கும் வரை முடுக்குவது. முடுக்கி முடுக்கி, வண்டி பூனை மாதிரி நடக்கும். எல்லாரும் பாராட்டுவார்கள். மூன்று மாதம் கழித்து வால்வு கருகி, தவுக்கே கடையில் ஹெட்டைக் கழற்றும்போது, "சைனாக்காரன் நல்ல சாமான மாத்திட்டான்" என்று பேசிக்கொள்வார்கள். தவுக்கே பாவம், எங்கள் காதுகளை நம்பியே ஒரு மாடி வீடு கட்டினார்.

வேலை நடப்பது ஞாயிற்றுக்கிழமை காலையில். பசியாறி முடித்ததும் வண்டியை வேப்பமரத்தடிக்குத் தள்ளிப்போய் நடுத்தாங்கி போட்டு நிறுத்துவார்கள். கீழே பழைய ‘தமிழ் நேசன்’ விரிக்கப்படும். முந்திய வாரத்துத் தலையங்கத்தின் மேல் எண்ணெய் சொட்டும். அதற்குள் ஏழெட்டுப் பேர் குந்தியிருப்பார்கள். ஸ்பானர் பிடிப்பவர் ஒருவர், மற்றவர்கள் காதுகள்.

ஸ்பானர் என்றதும் ஒன்பதாம் நம்பரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்தில் 10, 12, 14, 17 எல்லாம் வீட்டுக்கு வீடு கிடைக்கும். சி70-யில் டேப்பெட்டின் பூட்டு நட்டு 9 மில்லிமீட்டர். அந்த வளைய ஸ்பானர் மொத்தத் தோட்டத்துக்கும் ஒன்றே ஒன்று, அதுவும் இரண்டாவது டிவிஷனில் ஒருவரிடம். பொண்ணு கேட்கப் போகிறவர்கூட அவ்வளவு பணிவாகப் போக மாட்டார். "அண்ணே, சும்மா இந்தப் பக்கமா வந்தேன்" என்று தொடங்கி, அவர் வீட்டுக் கோழி, பிள்ளையின் படிப்பு எல்லாம் விசாரித்து, காப்பி குடித்து, எழுந்திருக்கும்போது "அந்த ஒம்பதாம் நம்பரு..." என்று இழுக்க வேண்டும். கொடுப்பார். மத்தியானத்துக்குள் திரும்ப வேண்டும் என்று சொல்லித்தான் கொடுப்பார்.

இதில் ஒரு சிக்கல் இருப்பதை யாரும் கவனித்ததில்லை. இரண்டாவது டிவிஷனுக்கு எதில் போவார்கள்? டேப்பெட் பார்க்க வேண்டிய அதே வண்டியில்தான். போய்வந்ததில் எஞ்சின் கொதித்துக் கிடக்கும். ஆறிய எஞ்சினில் பார்க்க வேண்டிய இடைவெளியைக் கொதிக்கிற எஞ்சினில் பார்ப்பார்கள். மூடியைத் தொட்டு விரலைச் சுட்டுக்கொண்டு, சுட்ட விரலைக் காது மடலில் வைத்துக்கொள்வார்கள். காதுக்கு அன்றைக்கு உருப்படியாகக் கிடைத்த வேலை அது ஒன்றுதான்.

அப்புறம் காந்தச் சக்கரம். இடது பக்க மூடியைக் கழற்றினால் சக்கரம் தெரியும். அதன் விளிம்பில் ஆங்கில ‘டி’ எழுத்தும் பக்கத்தில் ஒரு கோடும் செதுக்கியிருக்கும். சக்கரத்தை வலமிருந்து இடமாக மெதுவாகச் சுற்றி, அந்தக் கோட்டை எஞ்சின் உடம்பில் உள்ள குறிக்கு நேராக நிறுத்தினால் பிஸ்டன் உச்சியில் இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் பிஸ்டன் இரண்டு தடவை உச்சிக்கு வரும். எஞ்சின் இரண்டு சுற்று சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று. ஒரு உச்சியில் இரண்டு வால்வும் மூடியிருக்கும், ராக்கர் தொட்டால் லேசாக ஆடும், அதுதான் வேண்டியது. இன்னொரு உச்சியில் ராக்கர் வால்வை அழுத்திக்கொண்டு நிற்கும், அசையாது. எங்கள் ஆட்களுக்கு ‘டி’ வந்தால் போதும். தவறான உச்சியில் நின்றுகொண்டு, "ஐயய்யோ, ரொம்ப டைட்டா இருக்குலா" என்று திருகாணியைத் தளர்த்தோ தளர்த்து என்று தளர்த்துவார்கள். உதைத்ததும் எஞ்சின் தகரக் கொட்டகையில் ஆலங்கட்டி விழுந்த சத்தம் போடும். காதுகள் எல்லாம் ஒரே குரலில் தீர்ப்புச் சொல்லும்: "செயின்." உடனே செயினை இழுத்துக் கட்டுவார்கள்.

இன்னொன்றும் உண்டு. சி70-யின் சிலிண்டர் கிட்டத்தட்டப் படுத்திருக்கும், தலை முன் சக்கரத்தைப் பார்த்தபடி. உள்ளே இழுக்கும் வால்வின் மூடி மேலே. உட்கார்ந்தபடியே கைக்கு எட்டும். புகை தள்ளும் வால்வின் மூடி கீழே. அதைக் கழற்ற மண்ணில் மல்லாந்து படுக்க வேண்டும். திறந்தால் முகத்தில் எண்ணெய் வடியும். ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு யார் படுப்பது? மேலே உள்ளதற்கு அத்தனை மரியாதையும் நடக்கும். கீழே உள்ளதை ஸ்பானரால் ஒரு தட்டுத் தட்டி, "அது நல்லாத்தான் இருக்கும்" என்று விட்டுவிடுவார்கள். சூடு தாங்கித் தாங்கி முதலில் இடைவெளி இழப்பது அந்தக் கீழ் வால்வுதான் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. தோட்டத்து வாழ்க்கையில் மேலே இருப்பவர்களைக் கவனித்தே பழகிவிட்டோம்.

அளவு பார்க்க என்ன வைத்திருந்தோம் என்று கேட்கிறீர்களா? சிகரெட் டப்பாவின் வெள்ளித்தாள். எந்தக் கம்பெனி சிகரெட் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அதை வைத்துச் சண்டைகூட நடந்திருக்கிறது. தாளை மடிக்காமல் வைப்பது ஒரு கட்சி, மடித்து வைப்பது இன்னொரு கட்சி. மடிப்பவர்கள் இரட்டிப்பு இடைவெளி வைத்தார்கள். வினோதம் என்னவென்றால், அவர்களுடைய வண்டிகள்தான் நீண்ட காலம் உழைத்தன. சத்தம் போட்டுக்கொண்டே உழைத்தன. ஆகவே அவர்களுக்கு நல்ல பெயர் இல்லை.

தோட்டத்தில் உண்மையான ஃபீலர் கேஜ் வைத்திருந்தவர் ஒருவர் இருந்தார். டிராக்டர்களைப் பார்த்துக்கொண்ட ஃபிட்டர். எண்ணெய்த் துணியில் சுற்றி, பிஸ்கட் டின்னுக்குள் வைத்திருப்பார். விசிறி போல விரியும் மெல்லிய இரும்புத் தகடுகள். ஒவ்வொன்றின் மேலும் எண். அவரிடம் வண்டி கொடுத்தால் ராத்திரியே கொண்டுபோய் விட்டுவிட வேண்டும். விடிகாலையில் பிரட்டு எனும் ஆள் கணக்கெடுப்புக்குப் போகும் முன்னால் டார்ச்லைட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு பார்ப்பார். ஒரு தடவை நான் பக்கத்தில் குந்தியிருந்தேன். பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டுச் சக்கரத்தைச் சுற்றினார். அப்படிச் சுற்றினால் கம்ப்ரஷன் எதிர்க்காது. ராக்கரை விரலால் ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. ஒன்றும் சொல்லாமல் இன்னொரு முழுச் சுற்று. இப்போது ஆடியது. 0.05 என்று எழுதிய தகட்டை உள்ளே விட்டார். என் கையைப் பிடித்து அதை இழுக்கச் சொன்னார். வந்தது, ஆனால் சும்மா வரவில்லை. யாரோ அந்தப் பக்கம் லேசாகப் பிடித்துக்கொண்டு விடுவதுபோல வந்தது. "இதான்டா அளவு" என்றார். பிறகு பூட்டு நட்டை இறுக்கினார். மறுபடி தகட்டை விட்டார். நுழையவில்லை. நட்டை இறுக்கும்போது திருகாணியும் கூடவே திரும்பிவிடும். அதனால் திருகாணியைப் பிடித்துக்கொண்டு இறுக்க வேண்டும், இறுக்கிய பிறகு மறுபடி அளக்க வேண்டும். திருப்தியாகும் வரை செய்தார். அப்புறம் ஒரு கோணியை விரித்து மல்லாந்து படுத்தார். கீழ் மூடியைத் திறந்தார். முகத்தில் வடிந்த எண்ணெயைத் தோளால் துடைத்துக்கொண்டார்.

அவர் பார்த்த வண்டி லேசான ‘டிக்டிக்’ சத்தத்தோடு ஓடும். அதனாலேயே தோட்டத்தில் அவருக்கு மெக்கானிக் என்ற பெயர் கிடைக்கவில்லை. "டிராக்டர் பாக்கிற கை, மோட்டாரு அவருக்கு வராது" என்று ஒதுக்கிவிட்டார்கள். போதாததற்கு அவர் காசும் வாங்க மாட்டார். காசு வாங்காதவன் வேலையில் என்ன இருந்துவிடப்போகிறது?

இனி இந்தக் காலத்துக்கு வருவோம்.

தோட்டத்துச் சனம் ஒவ்வொரு குடும்பமாகக் கிள்ளானுக்கும் ஷா ஆலாமுக்கும் போய்ச் சேர்ந்தது. லயத்தில் இப்போது இருப்பவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். அப்பா மட்டும் சுங்கை ஆயர் தாவாரில் சின்ன வீடு ஒன்று வாங்கிக்கொண்டு நகர மாட்டேன் என்றார். சி70-யும் நகரவில்லை. ‘தமிழ் நேசன்’ 2019-இல் நின்றுபோனது. 1924 முதல் வந்த பத்திரிகை. அது நின்றபோது வாசகர்கள் வருந்தினார்கள், கப்சாய்காரர்களுக்குக் கீழே விரிக்க ஒன்றுமில்லாமல் போயிற்று. இப்போது ஷோப்பீ அட்டைப் பெட்டியைப் பிரித்து விரிக்கிறார்கள். தடிமனாக இருக்கிறது, எண்ணெயை நன்றாக உறிஞ்சுகிறது. படிக்கத்தான் ஒன்றும் இல்லை.

அந்த அட்டைப் பெட்டிகளில் வந்து இறங்கியவை என் அக்கா மகனின் ஆயுதங்கள். முப்பத்திரண்டு தகடுள்ள ஃபீலர் கேஜ். சதுரத் தலைத் திருகாணியைப் பிடிக்க அதற்கென்றே ஒரு சாவி. நாங்கள் பிளையரால் கடித்து அந்தச் சதுரத்தை உருண்டையாக்கியவர்கள். முறுக்கு விசை அளக்கும் ஸ்பானர், எண் திரையோடு. ஒன்பதாம் நம்பர் மட்டும் மூன்று விதத்தில் வைத்திருக்கிறான். இத்தனையும் பளபளவென்று, ஒரு கறை இல்லாமல், அச்சு வார்த்த பெட்டிக்குள் அதனதன் குழியில் படுத்திருக்கின்றன. கறை படாததற்குக் காரணம், அவன் எதையும் திறப்பதில்லை. அவன் ஓட்டுவது யமஹா ஒய்15. நான்கு வால்வு. வாரன்டி போய்விடும் என்று சர்வீஸ் கடைக்கே விடுகிறான். அங்கே போய் விசாரித்தேன், டேப்பெட்டை எப்படிப் பார்ப்பீர்கள் என்று. "சத்தம் வந்தா கொண்டாங்க அங்கிள், பாக்கலாம்" என்றான் பையன். ஆக, காது ஓய்வு பெறவில்லை. சீருடை மாட்டிக்கொண்டு சம்பளம் வாங்குகிறது.

அக்கா மகனுக்குத்தான் எப்படிச் சத்தம் கேட்கும்? வண்டியில் போட்டிருக்கும் சைலன்சர் பக்கத்துத் தாமானில் தொட்டில் பிள்ளையை எழுப்புகிறது. ஹெல்மெட்டுக்குள் இரண்டு காதிலும் புளூடூத். அந்த எஞ்சினுக்குள் வால்வு முறிந்து விழுந்தாலும் பாட்டு முடிந்த பிறகுதான் தெரியும். இரட்டைக் கேம் வைத்த சில புது வண்டிகளில் முடுக்கத் திருகாணியே கிடையாது. ‘ஷிம்’ என்கிற பொட்டுத் தகட்டை அளந்து மாற்ற வேண்டும். மின்சார வண்டி வந்தால் வால்வே இருக்காது. அப்போது பெரியவர்கள் கருமாதி வீட்டில் எதைப் பேசுவார்கள் என்பதுதான் என் கவலை.

போன வருஷம் பொங்கலுக்கு வந்தபோது அக்கா மகனுக்கு ஆசை வந்தது. தாத்தாவின் சி70-யில் கை வைத்தான். வாரன்டி முடிந்து பல காலம் ஆன வண்டி, பயமில்லை. கைப்பேசியை ஹேண்டிலில் நிறுத்தி, யாரோ ஓர் இந்தோனேசியர் பேசும் காணொளியைப் பார்த்தபடி செய்தான். சும்மா சொல்லக் கூடாது, சரியாகச் செய்தான். இரவே வண்டியை ஆற விட்டான். சரியான உச்சியைக் கண்டுபிடித்தான். கீழ் வால்வுக்கு மல்லாந்து படுத்தான், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு. 0.05 தகட்டை என்னிடம் இழுக்கக் கொடுத்தான். அதே பிடிப்பு. அந்த ஃபிட்டரைக் கண்டிராத இவனுக்கு யாரோ ஜாவாக்காரர் வழியாக அது வந்து சேர்ந்திருக்கிறது.

வண்டியை உதைத்தான். இரண்டாவது உதையில் பிடித்துக்கொண்டது. மெல்லிய ‘டிக்டிக்’. அப்பா சாய்வு நாற்காலியில் இருந்தபடி கேட்டார். எண்பதைத் தாண்டியவர், காதில் கருவி மாட்டியிருக்கிறார்.

"சத்தம் வருதேடா."

"அப்படித்தான் தாத்தா வரணும். மேனுவல்ல அப்படித்தான் இருக்கு."

"செயினப் பாரு."

கொஞ்ச நாளில் சைபர்ஜெயாவில் வேலை பார்க்கிற தம்பி ஒருவர் வண்டியை விலைக்குக் கேட்டு வந்தார். பழைய கப்சாய்க்கு இப்போது அப்படி ஒரு மவுசு. ஹைலக்ஸில் வந்து இறங்கி, வண்டியைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். பின் விளக்கு ஒரிஜினல்தானா, சீட் உறை மாற்றியதா, கிராண்டில், அதாவது பதிவுச் சான்றில், எண் சரியா என்று எல்லாம் பார்த்தார். பெயின்ட் உரிந்த இடத்தைத் தடவிக்கொடுத்தார். அதற்குத்தான் விலை அதிகமாம். அப்பா அதைப் புதிதாக வாங்கிய விலையைப்போல் பல மடங்கு தருவதாக வந்தவர் சொன்னார், தயங்காமல். அப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை.

"தம்பி, ஒருவாட்டி ஸ்டார்ட் பண்ணிக் காட்டறேன், சத்தத்தக் கேளு. டேப்பெட் இப்பத்தான் பாத்தது."

"வேணாம் தாத்தா. ஓட்டவா போறேன்? ஹால்ல நிறுத்தி வைக்கத்தான். எண்ணெயெல்லாம் வடிச்சிடுவேன், இல்லன்னா டைல்ஸ்ல கற விழுந்திடும்."

அப்பா வெள்ளியை எண்ணி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு பிஸ்கட் டின் ஒன்றைத் திறந்து, துருவேறிய வளைய ஸ்பானர் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். இரண்டாவது டிவிஷன்காரர் ஊரைவிட்டுப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனதாம். எனக்கே அன்றுதான் தெரியும்.

"அப்ப இந்த ஒம்பதாம் நம்பரு ஒனக்குத் தேவப்படாது" என்றார்.

தம்பி கண் விரிந்தது. "அந்தக் காலத்து ஸ்பானரா தாத்தா? அதையும் குடுங்க, பக்கத்துல மாட்டி வச்சா அழகா இருக்கும்."

"அதுக்குத் தனி வெல."